பின் கதவுச் சுவிட்ச்

அந்தப் பையைப் பெஞ்சில் வையுங்கள் சார். திறக்க வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். பெரிய மாடல் வண்டியின் ரூஃப் லைட். முன்னால் ஒரு செட், நடு சீட்டுக்கு மேலே ஒரு செட். பழைய கார் உடைக்கிற கடையில் வாங்கியிருப்பீர்கள். கழற்றியவன் ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறான். பை ஓரத்தில் தொங்குவதைப் பார்த்தாலே தெரிகிறது.

ரூஃப் லைனிங் மாற்றித் தருகிறேன். துணி தொங்கி உங்கள் தலையில் இடிக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். லைட்டுக்கு மட்டும் நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இப்போது வேறொரு வண்டியின் போர்டுக்கு, அதாவது ரூஃப் துணி ஒட்டுகிற அட்டைக்கு, பசை தடவி வைத்திருக்கிறேன். காய இருபது நிமிஷம் ஆகும். அதுவரை உட்காருங்கள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் உங்கள் வண்டியில் கை வைக்க மனசு வரவில்லை.

என் பெயர் சென்னியப்பன். ஏழாவது வரை படித்தேன். இந்தப் பல்லடத்தில் முப்பத்து நான்கு வருஷமாக இதே வேலை. இதுவரை ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ரூஃப் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் டைரியில் நம்பர் உண்டு. சரியில்லை என்று திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. ஆயிரத்து எண்பத்தேழாவது. அது என் சம்பந்தியின் வண்டி.

எனக்கு ஒரே பெண், தமயந்தி. அவள் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காங்கேயத்தில் கட்டிக் கொடுத்தேன். சம்பந்தி பெயர் நாச்சிமுத்து. கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். நல்ல இடம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் சம்பந்தி, சம்பந்தியம்மா, என் பெண், மூன்று பேர்தான்.

போன ஆவணியில் ஒரு நாள் சம்பந்தி வண்டியோடு வந்து நின்றார். பதினான்கு வருஷத்து டீசல் வண்டி. ரூஃப் துணி தொங்கி, அதைக் குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தார். முப்பத்தொரு குண்டூசி. கையில் உங்களைப் போலவே ஒரு பை.

“துணி கெடக்குதுங்க சம்பந்தி. இந்த லைட்டை வெச்சுக் குடுங்க. வண்டிக்குள்ள ஏறினா கல்யாண மண்டபமாட்ட இருக்கோணும்.”

“இது வேற வண்டி லைட்டுங்க. போர்டை வெட்டோணும். வெட்டிட்டா மறுபடி பழைய மாதிரி பண்ண முடியாதுங்க.”

“பழைய மாதிரி யாரு கேட்டா? உங்க கைக்கு ஆகாததா? தமயந்தி சொல்லுச்சு, எங்கப்பா ஒரு நூல் பிசகமாட்டாருன்னு. சும்மா சொல்லுச்சுங்களா?”

இதற்கு நான் என்ன சொல்வது? முடியாது என்றால் அவள் சொன்னது பொய்யாகிவிடும். இது என் வேலை இல்லை, எலக்ட்ரீசியன் வேலை என்றால் அதுவும் அந்த வீட்டுக்குள் ஏதோ ஒரு பேச்சாகத்தான் போய்ச் சேரும். பெண் கொடுத்த இடத்தில் எதைச் சொன்னாலும் அது அவள் தலைக்கு மேலே போய் நிற்கும். சரிங்க என்றேன்.

லைட்டை மாற்றுவது பல்பு மாற்றுவது போல என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். பெரிய வண்டியின் கூரை தட்டை. இவருடைய வண்டியின் கூரை வளைவு. லைட்டை அப்படியே வைத்தால் நான்கு மூலையிலும் விரல் நுழையும். அதனால் உடைக்கிற கடைக்கு நானே போய், அந்தப் பெரிய வண்டியின் போர்டையும் வாங்கி வந்தேன். லைட் உட்காரும் பள்ளத்தை அதிலிருந்து வெட்டி எடுத்து, இவர் போர்டில் அதே அளவுக்கு வெட்டி, உள்ளே பதித்து, பின்பக்கம் ஃபைபர் ஒட்டு கொடுத்துத் தேய்த்தேன். மேலே கூரைத் தகட்டில் ஒரு குறுக்குப் பட்டை ஓடுகிறது. அதற்கும் லைட்டுக்கும் நடுவே இரண்டு மில்லி மீட்டர்தான் இடம். ஒன்பது முறை வைத்துப் பார்த்து எடுத்தேன்.

ஒயர் இழுக்கும்போது வண்டிக்குள் மல்லாந்து படுத்து நான்கு கதவையும் சாத்திக்கொள்வேன். புழுங்கத்தான் செய்யும். ஆனாலும் உள்ளே இருக்கும்வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள். எனக்கு அது பிடிக்கும்.

அப்படிப் படுத்திருக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். பழைய லைட் முன் கதவு இரண்டையும் திறந்தால் மட்டும் எரியும். பின் கதவுக்குச் சுவிட்ச் கிடையாது. ஆனால் பின் கதவின் சட்டத்தில், இரண்டு பக்கமும், சுவிட்சுக்கான ஓட்டை இருந்தது. விலை கூடின ரகத்துக்காகப் போட்ட ஓட்டை. இந்த வண்டிக்கு ரப்பர் மூடி வைத்து அடைத்துவிட்டிருந்தார்கள்.

சம்பந்தி கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். பின் சீட்டுக்கு மேலே புதிதாக லைட் செட் வைத்துவிட்டு, பின் சீட்டுக்காரர் கதவைத் திறந்தால் அது எரியவில்லை என்றால் அது என்ன வேலை? இடமும் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா மூட என்னால் முடியவில்லை. இரண்டு பின் கதவுக்கும் சுவிட்ச் வைத்தேன். கதவைச் சாத்தின பிறகும் பத்து எண்ணும் வரை எரிந்து மெல்ல அணைகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியும் வைத்தேன். மூன்று நாள் வேலை ஐந்து நாள் ஆனது.

சம்பந்தி வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். என் தோளில் கை போட்டார். அப்படி அவர் போட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் காங்கேயத்துக்குப் போனபோது வாசலில் நாற்காலி போட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார். வண்டி அங்கே பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகையில் நிற்கும். வாசல் நாற்காலியிலிருந்து பார்த்தால் நேரே தெரியும்.

“எங்கூட்டுல ஒளிவு மறைவே கெடையாதுங்க சம்பந்தி. பகல்ல எந்த ரூம் கதவையும் சாத்த மாட்டோம். போன் வந்தாலும் ஹால்ல நின்னுதான் பேசறது. உங்க பொண்ணு வந்த புதுசுல கதவைச் சாத்திட்டிருந்துச்சு. இப்ப பழகிருச்சு.”

எனக்கு நல்லதாகத்தான் பட்டது. மனிதர்கள் கலந்து இருக்கிற வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போனது. சம்பந்தியிடமிருந்து போன்.

“ஏனுங் சம்பந்தி, எடது பக்கம் பின் கதவைத் தொறந்தா லைட் எரியமாட்டீங்குதே. மத்த மூணும் எரியுது.”

முப்பத்து நான்கு வருஷத்தில் இப்படி ஒரு போன் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். எலி கடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் ஒயரில் ஒன்றுமில்லை. சுவிட்சின் முளையை உள்ளே அழுத்தி, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கதவு சாத்தியிருக்கிறது என்று சுவிட்ச் நினைத்துக்கொள்ளும், அதனால் லைட் எரியாது. இரண்டு அடுக்கு. கத்தரியால் வெட்டி, பிரிந்து வராமல் இருக்க நான்கு மூலையையும் வளைவாக நறுக்கியிருந்தது. அவ்வளவு சுத்தமான கை. அந்த வீட்டில் குழந்தைகளும் கிடையாது.

“எலி டேப் ஒட்டுமாங்க சம்பந்தி?” என்று சிரித்தார் அவர்.

தமயந்தி காபி கொண்டு வந்து நின்றிருந்தாள். “விட்டிருங்கப்பா. அந்த ஒரு கதவு எரியாட்டி என்ன இப்ப?” என்றாள்.

“எரியாட்டி அது எதுக்குக் கண்ணு அங்க இருக்குது?” என்றேன்.

டேப்பை உரித்தேன். பசை பிசுபிசுத்தது. துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். கதவைத் திறந்து திறந்து சாத்தி, ஆறு முறை எரியவைத்துக் காட்டினேன். சம்பந்திக்குத் திருப்தி. எனக்கும்தான். காபி ஆறிப்போயிருந்தது. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்போது வெளியே வரவில்லை. சமையல் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சம்பந்தி மறுபடி போன் செய்தார். சந்தோஷமாகத்தான் பேசினார்.

“நேத்து ஒரு கூத்துங்க. பொழுது சாயற நேரம் வாசல்ல உக்காந்திருக்கறேன், வண்டிக்குள்ள பளிச்சுனு லைட்டு. யாரோ திருடன்னு போனா, உங்க பொண்ணு பின் சீட்டுல உக்காந்திருக்குது. ஏனாத்தா, பொறந்த ஊட்டுக்குப் பொறப்பட்டுட்டியா, டிரைவரைக் கூப்படட்டுமான்னு கேட்டேன். எங்கூட்டுக்காரி சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுலயிருந்து எட்டிப் பார்த்தாங்க.”

நானும் சிரித்தேன். சம்பந்தி சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது எப்படி?

நான் மாத்திரை போட்டதற்கு டைரியில் டிக் போடுவேன். மாத்திரை ஆறரை மணிக்கு. தமயந்தி போன் செய்வது ஆறே முக்காலுக்கு. அதனால் அதே பக்கத்தில் அவள் பேசியதற்கும் ஒரு டிக் போடுவது பழக்கமாகிவிட்டது. கல்யாணமாகி நாலாவது மாசத்திலிருந்து அப்படித்தான். அதற்குப் பிறகு பார்த்தால் மாத்திரைக்கு டிக் இருக்கிறது, போனுக்கு இல்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. ஒன்பது நாள் இல்லை.

பத்தாவது நாள் பேசினாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ பாத்திரம் போடும் சத்தம். “நல்லா இருக்கறனுங்கப்பா. மாத்தர போட்டீங்களா? சரிங்கப்பா.” ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

போனை வைத்துவிட்டு வெகு நேரம் யோசித்தேன். என்ன வித்தியாசம் என்றால் சத்தம். அதுவரை இரண்டு வருஷத்துக்கு மேலாக அவள் பேசும்போது டிவி கேட்டதே இல்லை. பாத்திரம் கேட்டதில்லை. அவள் குரல் மட்டும் வரும், சுவரில் பட்டுத் திரும்பாத குரல். ஃபோம் துணி ஒட்டின இடத்துக்குள் உட்கார்ந்து பேசினால்தான் குரல் அப்படி அமுங்கி வரும். எனக்கு அது தெரியாதா? வாழ்நாள் முழுக்க அதற்குள்தானே படுத்திருக்கிறேன். கடைசி சில வாரம் நான் கேட்டது நானே ஒட்டின துணிக்குள்ளிருந்து வந்த குரல்.

டைரியைப் பின்னால் புரட்டினேன். வண்டி என் கடையில் நின்ற ஐந்து நாளும் போன் இல்லை. வண்டியை எடுத்துப்போன பிறகு மேலும் இரண்டு நாள் இல்லை. பிறகு இருக்கிறது. அந்த இரண்டு நாளில்தான் டேப் ஒட்டியிருப்பாள். நான் உரித்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இல்லை. கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை.

அந்த டேப்பை நான் பெட்ரோல் போட்டுத் துடைத்திருக்கிறேன். ஆறு முறை எரியவைத்து வேறு காட்டியிருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? சம்பந்தியிடம் போய், என் பெண் உட்காருகிற இடத்தில் வெளிச்சம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் உட்காருகிற இடமே போய்விடும். மறுபடி டேப் ஒட்டு கண்ணு என்று அவளிடம் சொல்லலாம். மறுபடி சம்பந்தி கண்டுபிடிப்பார், இந்தத் தடவை எலி என்று சிரிக்க மாட்டார். லைட்டையே எடுத்துவிடலாம் என்றால், போர்டை வெட்டியாகிவிட்டது, அங்கே பெரிய பள்ளம்தான் நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் நானே வெட்டி ஒட்டினதில் போய் முட்டிக்கொண்டேன். ஒரு வழிதான் இருந்தது. என் வேலை தப்பு என்று நானே சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது எட்டுத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போனால், வாசலில் வெள்ளக்கோவிலிலிருந்து வந்த இரண்டு கொப்பரை வியாபாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் போகட்டும் என்று முக்கால் மணி நேரம் நின்றேன். போகிற மாதிரி தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

“பின் கதவுக்கு நான் இழுத்த ஒயர் சன்னமாப் போயிருச்சுங்க சம்பந்தி. சூடேறும். ரெண்டு பக்கமும் கழட்டி உட்டரலாம்னு வந்தேன். என் தப்புத்தானுங்க.”

“சூடேறுமா? பத்திக்கிட்டா?”

“அதுக்குத்தானுங்க.”

“சொந்தக்காரனுக்குச் செய்யறது எப்பவுமே அப்படித்தானுங்க நாச்சிமுத்தண்ணா” என்றார் வியாபாரிகளில் ஒருவர். மற்றவர் சிரித்தார்.

சம்பந்தி சிரிக்கவில்லை. “அப்ப நல்ல ஒயரா மாத்திக் குடுத்துருங்க. அவ்வளவுதான?” என்றார்.

எட்டுத் தடவை சொல்லிப் பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை.

“அதுக்கு மறுபடியும் போர்டை எறக்கோணுமுங்க. எறக்கினா துணி மடிஞ்சிரும்.”

“அப்ப உங்களால முடியாதுங்கறீங்க.”

“முடியாதுங்க.”

“வேற நல்ல ஆளா வெச்சுப் பார்க்கட்டுமா?”

“யாரு பண்ணினாலும் மடியுமுங்க. என் பேச்சைக் கேளுங்க.”

அவர் உள்பக்கம் திரும்பி, “தமயந்தி, உங்கப்பாவுக்கே முடியாதாமா. ஒரு நூல் பிசகமாட்டாருன்ன?” என்றார். அவள் கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தியம்மா, “வயசாச்சில்லீங்க, உடுங்க” என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை.

இரண்டு சுவிட்சையும் கழற்றினேன். ஒயர் முனையை மடித்து டேப் சுற்றி உள்ளே தள்ளினேன். இடது பக்கம் மட்டும் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் இரண்டையும். ஒயரில் ஒரு குறையும் இல்லை சார். இன்னும் இருபது வருஷம் வரும் ஒயர் அது. டைரியில் ஆயிரத்து எண்பத்தேழுக்கு நேரே ‘திரும்பியது’ என்று எழுதினேன். அந்த டைரியில் இருக்கிற பொய் அது ஒன்றுதான்.

நான் கிளம்பும்போது தமயந்தி கேட் வரை வந்தாள்.

“டேப் ஒட்டினது நான்தானுங்கப்பா.”

“தெரியும் கண்ணு. நல்லாத்தான் ஒட்டியிருந்த. மூலையெல்லாம் வளைச்சு நறுக்கி.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பஸ் வருகிற மாதிரி இருந்தது. நான் வேகமாக நடந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் அது தாராபுரம் பஸ். என் பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிஷம் நின்றேன்.

இப்போது தினமும் பேசுகிறாள். நேற்று வரை ஒரு நாள்கூட விடவில்லை. அதே ஆறே முக்கால், அதே அமுங்கின குரல். சம்பந்தி அதற்குப் பிறகு எனக்கு ரூஃப் வேலை எதுவும் தரவில்லை. பொங்கலுக்கு அழைக்க வரவில்லை, போனில் சொன்னார். களத்துக்கு வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிக் காட்டுகிறாராம். சொல்லட்டும். இதெல்லாம் நடந்ததால்தான் உங்கள் லைட்டுக்கு இன்னும் சரி சொல்லவில்லை. முன் கதவுக்கு மட்டும் லைட் எரிகிற மாதிரி என்றால் வைத்துத் தருகிறேன். பின் கதவுக்கும் வேண்டும் என்றால் வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.

நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரிகிறது. அத்தனை பெரிய வீட்டில் உட்கார இடமில்லாமலா பின் சீட்டில் போய் உட்காருகிறாய் என்று அவளிடம் கேட்டேனா என்றுதானே? கேட்கவில்லை.

நான்கு நிமிஷம் பேசுகிறாள். மாத்திரை போட்டீர்களா, அங்கே மழையா, கடையில் எத்தனை வண்டி நிற்கிறது. இதிலேயே மூன்று நிமிஷம் போய்விடும். கடைசியில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டாள். போனை வைக்கவும் மாட்டாள். அவள் மூச்சு எனக்குக் கேட்கும். அப்போது கேட்கலாம். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு தடவை இருபத்தெட்டு வரை போனது. பிறகு அவளே “சரிங்கப்பா” என்று வைத்துவிடுவாள். நான் டிக் போடுவேன்.

கேட்டால் சொல்லிவிடுவாள் சார். என்னிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. சொல்லிவிட்டால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த வாசலில், அத்தனை பேர் நடுவில் நின்று, நான் வாயைத் திறந்து பேச வேண்டும்.